கொல்கத்தா: நாலு பேர், நாலு ஆசை, நாலு நாள். ஆகஸ்டா, ஜனவரியா?

திண்ணைவாசி | வியாழன், இரவு 9.40

வணக்கம். நாங்கள் நான்கு பேர், திருச்சியில் கல்லூரிக் காலத்துச் சேர்க்கை. எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. பத்து வருஷமாகப் பேசியே காலம் தள்ளிய கொல்கத்தா பயணத்துக்கு ஒருவழியாக நான்கு வீட்டிலும் சம்மதம் வாங்கியாயிற்று. நான்கு இரவுகள்.

சிக்கல் ஊரில் இல்லை, எங்களிடம்தான். எனக்குப் பழைய கட்டடம், புத்தகக் கடை, நாடகம். சைவம் வேறு. இரண்டாமவன் சாப்பிடுவதற்காகவே ரயில் ஏறுகிறவன். மூன்றாமவனுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் பொழுது விடியும், பாட்டும் பானமும் வேண்டும். நான்காமவன் கால்பந்துப் பித்து. மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தை நேரில் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம்.

விடுமுறையை ஒட்டிப் போனால் நல்லது. ஆகஸ்ட் 15, இல்லையென்றால் ஜனவரி 26. என் உத்தேசம்: போய் இறங்கிய இரவே பாட்டும் பானமும் உள்ள பார்க் ஸ்ட்ரீட். ஞாயிறு புத்தகக் கடைத் தெருவான காலேஜ் ஸ்ட்ரீட். திங்கள் விக்டோரியா மெமோரியலும் இந்தியன் மியூசியமும். செவ்வாய் காளிகாட், தட்சிணேஸ்வரம். ஆட்டம் இடையில் எங்காவது நுழைந்துகொள்ளும். எப்படி இருக்கிறது?

அரை டிக்கெட் | வியாழன், இரவு 10.05

அண்ணே, பிரமாதம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டும் ட்ரை டே, மது விற்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலேஜ் ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருக்கும். திங்கள் மியூசியம் லீவு, விக்டோரியாவின் காட்சிக்கூடமும் லீவு. ஒரு திட்டத்தில் இத்தனை பூட்டு தொங்கி நான் பார்த்ததில்லை.

பந்துபொறுக்கி | வியாழன், இரவு 10.31

சிரித்தது போதும், வேலைக்கு வருவோம். கோயிலும் மியூசியமும் இடத்தைவிட்டு நகரப் போவதில்லை, பிரியாணிக் கடையும் அப்படியே. ஆட்டத்துக்கு மட்டும்தான் தேதி உண்டு. "இடையில் எங்காவது நுழைந்துகொள்ளும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் பிசகு. முதலில் ஆட்டம், அதைச் சுற்றி மற்றதெல்லாம்.

என் ஓட்டு ஆகஸ்ட்டுக்கு. 2019இலிருந்து டூரண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டி கொல்கத்தாவில்தான் நடக்கிறது, மழைக்காலத்தில். ஆனால் இரண்டு பெரிய அணிகளும் மோதும் என்று யாரும் எழுதித்தர மாட்டார்கள். 2025இல் கால் இறுதியில்தான் மோதின. குரூப் ஆட்டங்கள் முடிந்த பிறகுதான் அதுவே தெரிந்தது. ஆகஸ்ட் 17, சால்ட் லேக் ஸ்டேடியம். அரக்கப்பரக்க டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்ந்தேன். டயமான்டகோஸ் இரண்டு கோல், ஈஸ்ட் பெங்கால் 2-1. எனக்கு இரண்டு அணியும் ஒன்றுதான், ஆனால் பக்கத்தில் இருந்த பெரியவர் முதல் கோலுக்கு என் சட்டையைப் பிடித்து உலுக்கியதில் ஒரு பொத்தான் போய்விட்டது.

கல்கத்தா லீகிலும் இவர்கள் மோதுவார்கள், அதுவும் மழைக்காலம்தான். இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 26 ஆட்டம் கல்யாணியில் நடந்தது. அது ஊருக்கு வெளியே, லோக்கல் ரயிலில் போகவேண்டிய தூரம்.

உங்கள் நான்காமவருக்குச் சொல்லத் தேவையிருக்காது, மற்ற மூவருக்காக: மோகன் பகான் 1889இல் தொடங்கியது. 1911இல் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை 2-1 என்று வீழ்த்தி ஐஎஃப்ஏ கேடயத்தை எடுத்தார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலில் ஆடினார்கள். ஈஸ்ட் பெங்கால் 1920. கிழக்கு வங்காளத்திலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, வந்தவர்களின் அணி. பிரிவினைக்குப் பிறகு அகதியாக வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு அது சொந்த ஊரின் பெயர் மாதிரி. 1997இல் ஃபெடரேஷன் கோப்பை அரை இறுதிக்கு வந்த கூட்டம் 1,31,781 பேர். பூட்டியா மூன்று கோல் போட்டார், ஈஸ்ட் பெங்கால் 4-1. இன்றைக்கு ஸ்டேடியத்தில் அவ்வளவு பேருக்கு இடம் கிடையாது.

ராக்கோழி | வெள்ளி, அதிகாலை 1.12

மன்னிக்கவும், ஆகஸ்ட் வேண்டாம். ஒரு மணிநேரம் அடித்துப் பெய்தால் முழங்கால் தண்ணீர். மழை நின்றால் புழுக்கம். சட்டை காய்வதற்குள் அடுத்த மழை.

ஜனவரியில் போங்கள். புத்தகப் பித்து உள்ளவர் என்கிறீர்கள், ஜனவரிக் கடைசியை ஒட்டித்தான் சால்ட் லேக்கில் புத்தகக் கண்காட்சி. அதைவிடப் பெரிது, டோவர் லேன் இசை மாநாடு. 1952இல் தொடங்கியது. நஸ்ருல் மஞ்ச் அரங்கத்தில் ராத்திரி முழுக்கக் கச்சேரி. நள்ளிரவு ராகங்கள் நள்ளிரவில், பைரவ் விடியற்காலையில். குரங்குக் குல்லாய் போட்ட தாத்தாக்கள் பிளாஸ்க்கில் டீயோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் மூன்று முறை போயிருக்கிறேன். இரவு வாழ்க்கை என்றால் பப் மட்டும்தான் என்று யார் சொன்னது?

நோலன் குர் இன்னொரு காரணம். ஈச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சிய புது வெல்லம். குளிர்காலத்தில் மட்டும்தான். அதில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பைத் தின்றவன் நம் கருப்பட்டி மிட்டாய்க்குத் துரோகம் செய்தவன் ஆவான். நான் ஆகிவிட்டேன்.

அரை டிக்கெட் | வெள்ளி, காலை 8.20

விளையாட்டு என்றால் கால்பந்து மட்டும்தானா? ஈடன் கார்டன்ஸை ஒருவரும் சொல்லவில்லையே. லட்சுமணின் 281 அங்கேதான், ரோகித்தின் 264 அங்கேதான்.

ஆனால் என்னை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா டெஸ்ட். மூன்று நாள் ஊர் சுற்றலாம், நான்காம் நாள் மைதானம், அப்போதுதான் ஆட்டம் சூடு பிடிக்கும் என்று நான்காம் நாளுக்கு டிக்கெட் வைத்திருந்தேன். மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. 124 ரன் எடுக்க முடியாமல் 93க்கு நம் ஆட்கள் சுருண்டபோது நான் விக்டோரியா புல்வெளியில் உட்கார்ந்து முறி (அந்த ஊர்ப் பொரி) தின்றுகொண்டிருந்தேன். 2019இல் அதே மைதானத்தில் நடந்த பகலிரவு டெஸ்டும் மூன்றாம் நாளோடு சரி. ஈடனில் டெஸ்ட் பார்க்கிறவர்கள் முதல் நாளுக்கே போய்விடுங்கள்.

லேக்மார்க்கெட் மாமி | வெள்ளி, மதியம் 2.45

முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர்கள் காலங்காலமாக உண்டு. வாழைக்காய், கறிவேப்பிலை, ஃபில்டர் காபிப்பொடி எல்லாம் இங்கே கிடைக்கும், இட்லி தோசைக்கும் பஞ்சமில்லை. ஆனால் நான்கு நாளைக்கு வருகிறவர்கள் இங்கே வந்து தோசை தின்றால் எனக்குக் கோபம் வரும்.

ராக்கோழி சொன்னது பொய்யில்லை, ஜனவரி சுகம். ஆனால் உங்கள் நான்கு பேர் ஜாதகத்தையும் வைத்துப் பார்த்தால் ஆகஸ்ட்தான் பொருந்துகிறது. காரணம் கால்பந்து மட்டுமில்லை.

மழைக்காலத்தில்தான் இலிஷ் மீன். கோதாவரிக்காரர்கள் புலசை என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களே, அதே மீன்தான். நான் வாயில் வைத்ததில்லை, பக்கத்து வீட்டு வாசனையை வைத்தே சொல்கிறேன். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இலிஷ். மோகன் பகான் ஜெயித்தால் எதிர்வீட்டில் இறால். ஆட்டத்தையும் மீனையும் இந்த ஊரில் பிரிக்க முடியாது. உங்கள் இரண்டாமவரும் நான்காமவரும் ஒரே வண்டியில் ஏறிவிட்டார்கள் பாருங்கள்.

உங்களுக்குக் குமர்துலி. துர்க்கை பூஜைக்கு பொம்மை செய்யும் குயவர் தெரு. பூஜை சமயத்தில் வந்தால் முடிந்த சிலையைத்தான் பார்ப்பீர்கள், அதுவும் கூட்டத்தில் நசுங்கி. ஆகஸ்டில் வந்தால் மூங்கில் சட்டத்தில் வைக்கோல் கட்டி நிற்கும் பத்துக்கை அம்மன்கள், சிலதுக்கு முதல் பூச்சு மண், சிலதுக்குத் தலையே இல்லை. மழைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தி, ஈரம் காயவில்லை என்று அவர்கள் புலம்புவதும் காதில் விழும். யுனெஸ்கோ 2021இல் பூஜையைப் பட்டியலில் சேர்த்தது. நான் மருமகளைக் கூட்டிக்கொண்டு போனது அதற்கு ரொம்ப முன்னாலேயே, ஒரு ஆகஸ்டில். சிங்கத்துக்கு வைக்கோல் வால் முறுக்கிக்கொண்டிருந்த பையன் "குனிந்து நடங்கள் மாஷிமா, மேலே மகிஷாசுரன் கை" என்றான். இடித்துக்கொண்டது நான்தான்.

ஷோபாபஜார் மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம். முடித்துவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்து, படகில் ஹவுரா போங்கள். பாலத்தை மேலிருந்து பார்ப்பதைவிடக் கீழிருந்து பார்க்க வேண்டும். 1943இல் திறந்தது, நட்டு போல்ட்டு கிடையாது, எல்லாம் ரிவிட். பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தை. நம் ஊர்ப் பூக்கடையைப் பார்த்தவர்களுக்கே மூச்சு முட்டும், அங்கே சாமந்தி மலையாகக் கிடக்கும்.

திண்ணைவாசி | வெள்ளி, இரவு 9.15

மாமி, நீங்கள் எழுதியதைக் குழுவில் போட்டேன். மூன்று பேர் ஆகஸ்டுக்குக் கை தூக்கிவிட்டார்கள். இரவுக்காரன் மட்டும் முரண்டு. இரண்டு சந்தேகம். சைவம் சாப்பிடுகிறவன் அந்த ஊரில் நான்கு நாள் எதை வைத்து ஓட்டுவது? பிரியாணியில் உருளைக்கிழங்கு போடுவார்கள் என்கிறார்களே, அது பிரியாணியா?

வயிறே துணை | வெள்ளி, இரவு 10.02

இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன், ரத்தம் கொதிக்கிறது.

ஔத் நவாப் வாஜித் அலி ஷாவை 1856இல் ஆங்கிலேயர்கள் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் கல்கத்தா வந்து மட்டியாபுருஜில் தங்கினார், சமையல்காரர்களும் கூடவே வந்தார்கள். காசு குறைந்ததால் கறிக்குப் பதில் கிழங்கு என்று ஒரு கதை. உருளைக்கிழங்கு அன்றைக்குப் புதுச்சரக்கு, அந்தஸ்துக்காகப் போட்டார்கள் என்று இன்னொரு கதை. நவாப் குடும்பத்துக் கட்சி இரண்டாவது. எனக்கும் அதுதான் பிடிக்கும். எது உண்மையாக இருந்தாலும் அந்தக் கிழங்கு கறியின் சாற்றை முழுக்கக் குடித்துவிட்டு நிற்கும். காரம் தேடாதீர்கள், திண்டுக்கல் நாக்கோடு போனால் முதல் கவளம் சப்பென்றிருக்கும். மூன்றாவது கவளத்தில் பிடிபடும்.

ரோல் என்றால் நியூ மார்க்கெட் பக்கம் நிஜாம்ஸ், ஆதி கடை. ஞாயிறு காலை ஆறரைக்கு டிரெட்டி பஜார், சீனக் குடும்பங்கள் தெருவோரம் ஆவி பறக்க மோமோ, மீன் உருண்டை சூப் விற்பார்கள். எட்டரைக்குப் போனால் காலிப் பாத்திரம்தான்.

இப்போது சைவம். கவலையே வேண்டாம். காலையில் கொச்சூரியும் (உள்ளே பூரணம் வைத்த பூரி) உருளைக்கிழங்குக் கறியும், அல்லது லூச்சியும் (மைதா பூரி) தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பும். வாழைப்பூவை "மோச்சா" என்பார்கள். அதில் கட்லெட் மாதிரி ஒன்று, மோச்சார் சாப், நான் ஆறு தின்றேன். வாழைத்தண்டு, பலாப்பிஞ்சு எல்லாம் சமைப்பார்கள். நம் பாட்டி சமையல்தான், கடுகெண்ணெயில். ஒன்று கவனியுங்கள்: சில வீடுகளில் பருப்பிலும் கீரையிலும் மீன் தலை போடுவது வழக்கம். "நிராமிஷ்", அதாவது சைவம், என்று கேட்டு வாங்குங்கள்.

புச்கா (நம் பானிபூரி மாதிரி) விற்கிறவர் "ஜால்?" என்று கேட்டால் தண்ணீரைக் கேட்கவில்லை, காரம் எவ்வளவு என்கிறார். என் தம்பி தலையாட்டிவிட்டு அழுதான்.

இனிப்பைப் பற்றி எழுதினால் இழை தனியாகப் போட வேண்டும். ரசகுல்லாவோடு நின்றுவிடாதீர்கள், மண்சட்டியில் மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிர், வடக்குக் கல்கத்தாவில் நக்கூர் கடை சந்தேஷ். அங்கே நாற்காலி கிடையாது, கம்பிக்கு வெளியே நின்றுதான் வாங்க வேண்டும்.

ராக்கோழி | சனி, அதிகாலை 12.50

ஓட்டில் தோற்றுவிட்டேன், சரி. இரவுக்காரர் என் இனம், அவருக்கு நான்தான் பேச வேண்டும்.

பார்க் ஸ்ட்ரீட்டில் பெங்களூரை எதிர்பார்க்காதீர்கள். இது பழைய பாணி. டிரிங்காஸ் போங்கள், மேடையில் பாட்டு இருக்கும். உஷா உதுப் நம் சென்னைத் தமிழ்க் குடும்பம், மவுண்ட் ரோட்டில் நைன் ஜெம்ஸில் 1969இல் புடவையோடு பாடத் தொடங்கியவர், அப்புறம் டிரிங்காஸில் பாடித்தான் கொல்கத்தாக்காரர் ஆனார். எழுபதுகளில் அந்தத் தெரு முழுக்க பேண்டு வாசிப்புதான். ராக் வேண்டுமென்றால் பார்க் ஹோட்டலின் சம்ப்ளேஸ் எல்ஸ், சின்ன இடம், காதுக்குப் பக்கத்தில் கிட்டார். காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் ஒலி பப். மின்விசிறி, பழைய மேசை, தானாக வந்து பேசும் பக்கத்து மேசைக்காரர். அரசியலில் தொடங்கி சத்யஜித் ரேயில் முடியும்.

திரும்பும்போது பத்து, பத்தரைக்கு மேல் மெட்ரோவை நம்பாதீர்கள். நானும் ஒரு தடவை மழையில் வாடகை வண்டி பதிவு செய்துவிட்டு நாற்பது நிமிஷம் நின்றேன், கடைசியில் ரத்து செய்துவிட்டார்கள். பார்க் ஸ்ட்ரீட்டைச் சுற்றி நடந்தே போகும் தூரத்தில் அறை எடுங்கள். அந்த ஒன்றுக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

லேக்மார்க்கெட் மாமி | சனி, காலை 7.10

அறை விஷயத்தில் ராக்கோழியோடு ஒத்துப்போகிறேன். எஸ்பிளனேடில் மெட்ரோ மாறினால் பச்சைத் தடம், அதிலேயே சால்ட் லேக் ஸ்டேடியம் நிலையம். 2025 ஆகஸ்டில்தான் அந்தத் தடம் முழுசாக இணைந்தது. அதே தடத்தில் மறுபக்கம் போனால் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஹவுரா. சுரங்கத்தில் நீலவிளக்கு வரும்போது எல்லோரும் செல்போனைத் தூக்குவார்கள், முக்கால் நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று, தம்பி. நான்கு இரவையும் பார்க் ஸ்ட்ரீட்டுக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாலை அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் வங்காள நாடகம் பாருங்கள், ஆறரைக்குத் தொடங்கும். மொழி புரியாது, புரியவும் வேண்டாம். முடிந்ததும் வாசலில் டீக்கடையில் நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள், அதுவும் நாடகம்தான். பக்கத்திலேயே நந்தன் திரையரங்கம். உங்கள் இரவுக்காரரும் வரட்டும், எட்டரைக்கு விட்டுவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காளிகாட் போகாதீர்கள். செவ்வாய், சனி கூட்டம் தாங்காது.

பந்துபொறுக்கி | சனி, காலை 9.30

தேதி பற்றிக் கடைசியாக. டூரண்ட் அட்டவணை வெளிவரும் வரை பொறுங்கள். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு. அதுவும் வசதிதான், ரத்து செய்தால் விமானத்தில் போகிற அளவு காசு போகாது. கோரமண்டலில் போனால் ஹவுரா இல்லை, ஷாலிமாரில் இறக்கிவிடுவார்கள். "ஹவுரா வந்தாச்சா" என்று ஏங்கி உட்கார்ந்திருக்காதீர்கள்.

டெர்பி, அதாவது அந்த இரண்டு அணிகளின் மோதல், அமையாமலே போகலாம். அப்போதும் நான்காமவருக்கு ஒரு வழி இருக்கிறது. மைதான் என்ற பெரிய திறந்தவெளியில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் மூன்று கிளப்பும் பக்கத்துப் பக்கத்தில். மழையில் லீக் ஆட்டம் ஏதாவது நடக்கும், கம்பி வேலிக்குப் பின்னால் குடையோடு நின்று பார்க்கலாம். எனக்கு அதுதான் ஸ்டேடியத்தைவிடப் பிடித்தது என்றால் அடிக்க வருவார்கள்.

திண்ணைவாசி | சனி, இரவு 8.55

முடிவு செய்துவிட்டோம். ஆகஸ்ட், 15ஐத் தாண்டி. சனிக்கிழமை போய் இறங்கி, நேரமிருந்தால் காலேஜ் ஸ்ட்ரீட், காபி ஹவுஸ். ராத்திரி டிரிங்காஸ். ஞாயிறு விடியலில் மூவரும் டிரெட்டி பஜார், நான் கொச்சூரி. மதியத்துக்கு மேல் ஆட்டம், கிடைத்தது எதுவோ அது. திங்கள் குமர்துலி, படகு, பூச்சந்தை. செவ்வாய் விக்டோரியா, மியூசியம், சாயங்காலம் நாடகம். காளிகாட் இந்தத் தடவை இல்லை, அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். இரவுக்காரனுக்கு ஜனவரியில் டோவர் லேன் அழைத்துப் போவதாக எழுதிக் கொடுத்து வாயை அடைத்தோம்.

ஒரே ஒரு சந்தேகம். நான்காமவன் ஸ்டேடியத்துக்குத் தன் சிஎஸ்கே மஞ்சள் சட்டையைத்தான் போட்டு வருவானாம். பரவாயில்லையா?

பந்துபொறுக்கி | சனி, இரவு 9.03

மஞ்சளும் சிவப்பும் ஈஸ்ட் பெங்கால் நிறம். மோகன் பகான் பச்சையும் மெரூனும். எந்தப் பக்கம் டிக்கெட் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுச் சட்டையை மடித்து வையுங்கள்.

லேக்மார்க்கெட் மாமி | சனி, இரவு 9.20

மெரூன் என் மருமகனிடம் பழையது ஒன்று இருக்கிறது. பெரிய சைஸ். வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், தோசை மட்டும் கேட்காதீர்கள்.